விஸ்கியில் தேங்காய் வாசம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? எனக்குச் சளிகூட இல்லை. சளி பிடித்தால் இங்கே வேலை பார்க்க முடியாது.

நீ பயப்படுகிற மாதிரி நான் குடிப்பதில்லை. ஸ்காட்ச் விஸ்கிகளை முகர்ந்து பார்த்து, எதைக் கடைக்கு வாங்கலாம் என்று சொல்வதுதான் வேலை. சித்திக்கு அது மருந்துக் கம்பெனியாகவே இருக்கட்டும். எல்லாம் ஒரே சாராயம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்றில் தேன் மணக்கிறது, ஒன்றில் காய்ந்த திராட்சை. இன்னொன்றில் புகையும் ஆஸ்பத்திரி வராந்தாவும். அதை வாங்கத்தான் போட்டி.

நேற்று என்னை நிரந்தரமாக்குவதற்கான சோதனை. சோதனை வைக்கும் மேடம் பக்கத்தில் உட்கார்ந்து முகர்ந்தார்.

“இதுல தேங்காய் வாசம். அருமை.”

அடுத்த கோப்பையிலும் தேங்காய் என்றார். மூன்றாவதிலும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மூன்றையும் வாங்கியிருப்பார்கள்.

“மேடம், அது விஸ்கி இல்ல. என் தலை.”

சோதனை நாளாயிற்றே என்று, நீ கொடுத்த எண்ணெயை வைத்துப் படிய வாரியிருந்தேன். அவர் குனிந்து என் பின்னலை முகர்ந்தார்.

“சொன்னா வேலை போயிடும்னு தோணலையாம்மா?”

“தோணுச்சு மேடம்.”

“மூக்கு சரியாத்தான் இருக்கு. நாளைக்குத் தலைக்குக் குளிச்சிட்டு வேலைக்கு வா.”

வேலை நிரந்தரமாகிவிட்டது.

இனி எண்ணெய் அனுப்பாதே. பவுடர், சோப்பு எதிலும் இங்கே வாசம் கூடாது. தலையணை உறை தைக்க உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம். இங்கே மெஷின் இருக்கிறது.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் மகள்