மூண்டு தரம் அடிச்ச மணி

செவ்வாய், இரவு.

இளையோர் பாதுகாப்பு ஆய்வுக்காக இண்டைக்கு நெல்லியடியிலை பெண்பிள்ளையளைச் சந்திச்சன். ஊர் வரைபடத்தை விரிச்சு, பயமான இடங்களிலை ஒட்டச் சொல்லி ஒட்டுப்பொட்டுகளைக் குடுத்தன். எல்லாப் பொட்டும் விளையாட்டுத் திடலுக்குப் பின்னாலை உள்ள ஒரே ஒழுங்கையிலை.

"அதிலை ஆர்?"

"ஒரு அண்ணை, அக்கா. சைக்கிள் மணியை மூண்டு தரம் அடிச்சு அடிச்சுப் பின்னாலை வருவார். நாங்கள் இப்ப வலைப்பந்துக்குப் போறேல்லை."

பயந்து சொல்லேக்கையும் 'அண்ணை' எண்டுதான் சொல்லினம்.

எங்கடை அண்ணை வேலையாலை வாற வழியும் அதுதான். ஊரிலை எத்தனை சைக்கிள் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டை வந்தன்.

விளக்கு வைக்கிற நேரம் படலையடியிலை மணி மூண்டு தரம் அடிச்சுது. எப்பவும் ஓடிப்போய்த் திறக்கிறது நான்தான். இண்டைக்கு என்னாலை எழும்ப ஏலாமல் போச்சு.

"என்னடி, காது கேக்கேல்லையோ?"

கேட்டுது, அண்ணை.