சிலந்தி வலை முட்டை

ஒக்டோபர் 31, 2006, செவ்வாய்

நாளைக்குச் சகல புனிதர் திருநாள். இன்றைக்கு என் குசினியில் பேய்ச் சாப்பாடு. ஹலோவீன் என்று மகள் நிரோஜாவின் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவித்த முட்டையின் கோதை மெல்லத் தட்டி வெடிக்கவைத்து, கடும் தேயிலைச் சாயத்தில் ஊறவிட வேண்டுமாம். காலையில் நான் மெல்லத் தட்டவில்லை. இருந்த எரிச்சல் முழுவதையும் கரண்டியில் காட்டினேன். ஒரு முட்டையின் கோது நொறுங்கியே போனது. பழுதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் அதையும் சாயத்துக்குள் போட்டேன்.

பின்னேரம் அதைத்தான் முதலில் உரித்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. வெள்ளைக்கரு முழுவதும் மயிரிழை போன்ற பழுப்புக் கோடுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. அசல் சிலந்தி வலை.

"ஆர் பிள்ளை இதைக் கீறினது?"

"ஒருதரும் கீறேல்லை அம்மா. நீங்கள் அடிச்ச அடிதான்."

மற்ற முட்டைகளில் இவ்வளவு நுணுக்கம் இல்லை. பிள்ளைகள் உப்பும் மிளகும் தொட்டு அவற்றை முடித்துவிட்டார்கள். இதை மட்டும் நான் மேசைக்குக் கொண்டுபோகவில்லை. ஃபிரிட்ஜில், பாலுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு தரம் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டேன்.

செபம் சொல்லிக்கொண்டு தட்டியிருந்தால் இது வந்திருக்குமா, தெரியவில்லை.