ஐந்து மணி மாத்திரை

ஆனைக்கரை
9.7.2024, இரவு

என் அன்பு இன்பா அக்காவுக்கு,

சிஞ்சு எழுதுகிறேன். இயேசுவுக்கே புகழ். நீ சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத முடியவில்லை.

அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா எழுந்து வந்தால் மேலே வைத்து மூட சமூக அறிவியல் புத்தகம் பக்கத்திலேயே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அம்மா உன்னிடம் "அப்பா நல்லாயிருக்காரு" என்று சொல்வது பொய். மார்ச்சில் எடுத்த ஸ்கேனில் நோய் திரும்பி வந்திருப்பது தெரிந்தது. பழைய ஈரல் புற்றுதான், இப்போது நுரையீரலில் வந்திருக்கிறது என்றார் டாக்டர். இனி ஆப்பரேஷன் இல்லையாம். தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒரு மாத்திரை.

"இன்பாவுக்குத் தெரியவே கூடாது. அவ குடுத்தது வேஸ்ட்டாப் போச்சுன்னு நெனைப்பா" என்று அப்பா எங்களிடம் சத்தியம் வாங்கிவிட்டார். சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுதுவதும் அதில் சேருமோ என்று பயமாக இருக்கிறது.

அந்த மாத்திரையில் அப்பாவின் உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரிந்தது. சூடான கட்டன்சாயா கிளாஸைத் துண்டு சுற்றித்தான் பிடித்தார். ஏலக்காய் ஸ்டோருக்கு வேலைக்குப் போகவும் முடியவில்லை. பிறகு இரண்டு வாரமாகக் கை ஆறத் தொடங்கியது. அம்மா சந்தோஷப்பட்டு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள்.

இன்று அப்பாவின் மழைக்கோட்டை உலரப்போட எடுத்தேன். உள்பையில் ஒரு காகிதப் பொட்டலம். பதினான்கு மாத்திரைகள். அப்பா சாப்பிடவே இல்லை அக்கா.

அம்மாவிடம் சொன்னால் உடைந்துவிடுவாள். நீ மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாய், உனக்குத் தெரியும். அந்த மாத்திரையின் காலி அட்டை ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். என்னோடு படிக்கிற ஜிஷாவின் அம்மா ஃபோனில் நீ பேசினால் அன்றைக்கே நம் அம்மா காதுக்கு வந்துவிடும். அதனால் பதிலை ஜிஷா வீட்டு விலாசத்துக்கு அவள் பெயரிலேயே போடு. பிரிக்காமல் தருவாள்.

உன் போர்வையை நான்தான் போர்த்திக்கொள்கிறேன். கோபிக்காதே.

உன் தங்கை
சிஞ்சு


கொல்லங்கோடு
15.7.2024

அன்புச் சிஞ்சுக்குட்டிக்கு,

கடைக் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டே உன் கடிதத்தைப் படித்தேன். அட்டையில் இருந்த பெயரைப் பார்த்ததும் எதற்கான மருந்து என்று தெரிந்துவிட்டது. நீ எழுதியது பாவம் இல்லை. நாலு மாதமாக நான்தான் ஒன்றும் தெரியாமல் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

முதலில் இதற்குப் பதில் எழுது. காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும் போடுகிற பழைய மாத்திரையையாவது சாப்பிடுகிறாரா? நான் கொடுத்த ஈரலை அவர் உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அதுதான் காவல். அதையும் விட்டிருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதே.

புது மாத்திரையில் தோல் உரிவது நிறையப் பேருக்கு நடக்கிறதுதான். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், களிம்பு கொடுப்பார். சொல்லாமல் நிறுத்துவதுதான் தப்பு.

ஏன் நிறுத்தினார் என்று நான் அவரிடம் எப்படிக் கேட்பேன்? என் ஆப்பரேஷனைக் கேள்விப்பட்டு எனக்குப் பேசிய அந்தக் குமுளிச் சம்பந்தம் விலகிப்போன அன்றைக்கு, "நான் செத்திருந்தா நீ நல்லாயிருப்ப" என்று சொன்னார். "அப்ப நான் குடுத்தது வேஸ்ட்டா?" என்று கத்திவிட்டு வந்தேன். வேஸ்ட் என்ற வார்த்தையை நான்தான் அந்த வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரு தடவைகூட ஃபோனை வாங்கி என்னோடு பேசவில்லை. என் குரலே அவருக்கு வேண்டாம் போலிருக்கிறது.

நீ ஒழுங்காகச் சாப்பிடு. போர்வை உனக்குத்தான்.

அன்புடன்
இன்பமேரி


ஆனைக்கரை
20.7.2024, இரவு

அக்காவுக்கு முத்தங்கள்.

மழை விடவில்லை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் பேனாச் சத்தம் யாருக்கும் கேட்காது.

ஒன்பது மணி மாத்திரையை அப்பா ஒரு நாளும் தவறவிட்டதில்லை. உன் குரலே வேண்டாம் போலிருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்த அலாரத்தை மறந்துவிட்டாயா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஃபோனில் நீ விளையாட்டாகப் பேசி வைத்தது. "அப்பா, மணி ஒம்பது. மாத்திரை. தூங்குற மாதிரி நடிக்காதீங்க." இன்றும் காலையும் இரவும் அதுதான் அடிக்கிறது. மாத்திரையை விழுங்கிய பிறகும் அமர்த்த மாட்டார். நீ நாலு தடவை சொல்லி, அதுவாக ஓயும் வரை மடியில் வைத்துக்கொண்டிருப்பார். "காது அடைக்குது, அமத்துங்களேன்" என்று அம்மா தினமும் திட்டுவாள். அவருக்குச் சரியாகக் காது கேட்கவில்லை என்று நான் நினைத்திருந்தேன்.

நேற்று அம்மா ரேஷன் கடைக்குப் போனதும் பொட்டலத்தைக் காட்டிக் கேட்டேன். அப்பா கோபப்படவில்லை. புது மாத்திரை ஈரலைப் பாதிக்கலாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். "அது எம் பொருளில்ல புள்ள. இன்பாவோடது. என் நோய்க்காக அத எரிச்சுட்டுப் போகவா?" என்றார்.

ஐந்து மணிக்கும் நீ ஒரு குரல் பேசி அனுப்பேன். உன் குரல் சொன்னால் சாப்பிட்டுவிடுவார். நீ வர வேண்டாம். லீவு கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

சிஞ்சு


கொல்லங்கோடு
26.7.2024

சிஞ்சு,

'நீ வர வேண்டாம்' என்று எழுதிய இடத்தில் பேனாவை அழுத்தி அழுத்திக் காகிதமே கிழிந்திருக்கிறது.

குரல் அனுப்பப் போவதில்லை. மூன்றாம் தேதி சனிக்கிழமை விடியற்காலையில் பொள்ளாச்சி பஸ் ஏறி, தேனி வழியாக வருகிறேன். ஐந்து மணிக்கு முன்னால் வீட்டில் இருப்பேன். யாரிடமும் சொல்லாதே. அந்தப் பொட்டலம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

அக்கா


ஆனைக்கரை
11.8.2024, இரவு

என் தங்க அக்காவுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை அம்மா சொன்னாள். இப்போது எல்லோருக்கும் தெரியும் என்றாலும் அடுப்படியில்தான் எழுதுகிறேன். பழகிவிட்டது.

நீ வாசலில் நின்றதும் அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தாரே, அது கண்ணிலேயே நிற்கிறது. நீ நேராகப் போய் மழைக்கோட்டிலிருந்து பொட்டலத்தை எடுத்து வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாய். "பத்திரமா வச்சுக்கவா குடுத்தேன்? செலவழிக்கத்தாம்பா குடுத்தேன்" என்றாய். அப்பா ஒரு மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் தண்ணீர் கேட்டார். அந்த டம்ளரை நான் இன்னும் கழுவவில்லை. அம்மாவிடம் சொல்லாதே.

நீ போன பிறகு, வியாழக்கிழமை நானும் அப்பாவும் டாக்டரிடம் போனோம். நிறுத்தியதைச் சொன்னோம். திட்டினார், பிறகு அளவைக் குறைத்து எழுதினார். ஈரலுக்கு ஒரு குறையும் இல்லை, ரத்தம் நன்றாக இருக்கிறது என்றார். அப்பா அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். இந்த மாத்திரை நோயைப் போக்குமா என்று நான் கேட்டேன். பிடித்து வைக்கும் என்றார். எத்தனை நாளைக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த ஸ்கேன் அக்டோபரில்.

நீ பேசி வைத்துவிட்டுப் போன ஐந்து மணி அலாரம் தினமும் அடிக்கிறது. அதையும் அப்பா அமர்த்துவதில்லை. அம்மா திட்டுவதை விட்டுவிட்டாள். அடிக்கும்போது அவளும் வந்து நிற்கிறாள்.

நேற்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. ஃபோன் அணைந்துவிட்டது. ஐந்து மணிக்கு அப்பா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேரமாகிவிட்டது என்றேன். தெரியும் என்றார், ஆனாலும் விழுங்கவில்லை. என்னைப் பார்த்து, "நீ சொல்லு புள்ள" என்றார்.

உன்னை மாதிரியே மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "அப்பா, அஞ்சு மணி. சின்ன மாத்திரை. ஒளிச்சு வைக்காதீங்க" என்றேன்.

விழுங்கினார். உரிந்த கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "இன்னொருக்கா சொல்லு" என்றார்.

நாலு தடவை சொன்னேன் அக்கா.

உன் தங்கை
சிஞ்சு