சுற்றுச்சுவருக்குக் கொடுத்த கம்பி

கோபம் தீராவிட்டாலும் இதைப் படி. “பழைய கம்பியை என் தம்பி தலையிலயே கட்டிட்டீங்களே!” என்று நேற்று நீ கத்தியபோது சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

இடித்த வீட்டில் எடுத்து நிமிர்த்திய கம்பி அது. சுற்றுச்சுவருக்கு என்றுதான் கொடுத்தேன். மாடித் தளத்துக்கும் அதையே போட்டுவிட்டானாம், கொத்தனார் சொன்னார். இன்று தளத்தைத் தாங்கும் முட்டுகளைப் பிரிக்கிறார்கள். அவன் போனை எடுக்கவில்லை, ஓடுகிறேன்.

அவன் மனைவியும் குழந்தையும் இங்கே வருவார்கள். சோறு இருக்கிறது, சாப்பிடவைத்து இங்கேயே நிறுத்திவை. கிடங்குச் சாவி ஆணியில். யார் கேட்டாலும் கம்பி கொடுக்காதே.

பி.கு: “புதுசே தோத்துடும் மாப்ள” என்று எல்லோரிடமும் அளப்பதைத்தான் அவனிடமும் அளந்தேன். பேரமே பேசாமல் ஏற்றிக்கொண்டு போனான். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும், என்னை நம்பிவிட்டான் என்று.