புதுசு போட்ட ஓட்டு

செப்டம்பர் 2, செவ்வாய்

முதலீட்டுப் பாடத்துக்கு இந்த வருஷம் கரும்பலகை போதாதாம். பிள்ளைகள் இணையத்தில் ஒரு பயிற்சித் தளத்தில் சேர்ந்து, விளையாட்டுப் பணத்தில் பங்கு வாங்கி விற்றுப் பழக வேண்டும். துறைத்தலைவர் உத்தரவு. மாணவர்கள் பக்கம் அது எப்படி இருக்கும் என்று பார்க்க நானே ஒரு மாணவர் கணக்கைத் திறந்தேன். புனைபெயர் கேட்டது; 'புதுசு' என்று போட்டேன். போட்ட கையோடு என்னை ஒரு நால்வர் குழுவில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. நாளை அழித்துவிட வேண்டும்.

செப்டம்பர் 3, புதன்

அழிக்கவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

மற்ற மூவரும் என் வகுப்புப் பிள்ளைகள்தான். நிஜப் பெயர்கள் தளத்தின் ஆசிரியர் பக்கத்தில் எனக்குத் தெரியும். இங்கே அவர்கள் புயல், வாலு, ஆமை. நான் மாலை வகுப்புப் பெண் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

வாலு எழுதியிருந்தான்: "டிக்டிக் மேடம் இன்னிக்கு ஒரு மணி நேரம் கடன் பத்திரம். நான் கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்கக் கத்துக்கிட்டேன்." டிக்டிக் யார் என்று அப்பாவியாகக் கேட்டேன். பேசும்போது பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பேனாம். இத்தனை வருஷமாகத் தட்டியிருக்கிறேன், ஒருத்தரும் சொன்னதில்லை. கோபம் வந்திருக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மகள் போன் செய்தாள். வேலை கிடைத்து வேறு ஊர் போனதிலிருந்து எங்கள் பேச்சு இவ்வளவுதான்: "சாப்டியாம்மா? மாத்திரை போட்டியா? சரி, வெச்சிடறேன்." குறை சொல்லக்கூடாது. அவளுக்கும் தலைக்கு மேல் வேலை.

பிறகு குழுவுக்குப் போனேன். "புதுசு, இன்னிக்கு ஏன் லேட்டு?" என்று ஆமை கேட்டிருந்தாள். யாரோ என்னைத் தேடியிருக்கிறார்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அசடு.

செப்டம்பர் 12, வெள்ளி

ஆமை ஒவ்வொரு கம்பெனியின் ஆண்டறிக்கையையும் இறக்கிப் படிக்கிறாள். லாபம் காட்டுகிற கம்பெனி ஏன் மேலும் மேலும் கடன் வாங்குகிறது என்று கேட்டாள். ஆர்வக்கோளாறில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிவிட்டேன். "புதுசு, புக்கை முழுங்கிட்டியா?" என்றான் வாலு. இனிமேல் வேண்டுமென்றே ரெண்டு பிழை விட்டு எழுத வேண்டும்.

வகுப்பில் இந்தப் பெண் கடைசி வரிசையில் தனியாகத்தான் உட்காருகிறாள். இடைவேளையில்கூட யாரோடும் பேசிப் பார்த்ததில்லை. இங்கே வாய் ஓயாமல் பேசுகிறாள். நானும்தான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலையில் வகுப்பில் என்ன சொன்னேன்? பணம் முழுவதையும் ஒரே பங்கில் போடாதே, பிரித்துப் போடு. தொண்டை வற்றச் சொன்னேன்.

சாயங்காலம் புயல் குழுவில் வந்தான். "எல்லாத்தையும் அந்த விமானக் கம்பெனியில போடுவோம். ஏறிக்கிட்டே இருக்கு. நாமதான் முதல் குழு." வாலு சரி என்றான். ஆமை வேண்டாம் என்றாள். கம்பெனிக்குக் கழுத்துவரை கடன் இருக்கிறதாம். படித்துப் பார்த்துத்தான் சொன்னாள். தளத்தின் விதிப்படி நால்வரில் மூவர் சம்மதித்தால்தான் வாங்க முடியும். என் ஓட்டு பாக்கி.

"என்ன புதுசு, நீயும் டிக்டிக் மாதிரி பயந்தாங்கொள்ளியா?" என்றான் புயல்.

ஆமாம் என்று போட்டேன்.

ஏன்டி போட்டே? தெரிஞ்சுக்கிட்டே ஏன் போட்டே?

ஆமை ஒரே வரி எழுதினாள்: "நீயாவது என் பக்கம் இருப்பேன்னு நெனச்சேன்."

செப்டம்பர் 19, வெள்ளி

புதன்கிழமையே பங்கு சரிந்தது. விளையாட்டுப் பணத்தில் பாதிக்கு மேல் போயிற்று. புயலும் வாலும் ஒருநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மறுநாள் தேறிவிட்டார்கள். ஆமை அன்றிலிருந்து ஒரு வார்த்தை எழுதவில்லை. "இருக்கியா?" என்று கேட்டேன். பதில் இல்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஆமை ஆசிரியர் அறைக்கு வந்தாள். பாடத்தை விட்டுவிட்டு வேறு பாடத்துக்கு மாற வேண்டுமாம்.

"ஏம்மா, நல்லாத்தானே படிக்கிறே?"

"எனக்கு இது வராது மேடம். எனக்குச் சரின்னு பட்டதைச் சொன்னேன், ஒருத்தர்கூட ஒத்துக்கலை. அப்ப எனக்குத்தானே புரியலை?"

பங்கு விழுந்த பிறகுமா? விழுந்ததை அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை. மூன்று பேர் ஒரு பக்கம் நின்றதுதான் மனதில் தங்கிவிட்டது. அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பக்கத்து மேசையில் புள்ளியியல் ஆசிரியர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

சொன்னால் குழு போய்விடும். அவர்களைத் தவிர எனக்குப் பேச யார் இருக்கிறார்கள் — இல்லை, அவர்கள் என்னோடு எங்கே பேசினார்கள்? புதுசோடு பேசினார்கள். சொல்லாவிட்டால் சரியாகக் கணித்த ஒரே பிள்ளை பாடத்தை விட்டுப் போவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 25, வியாழன்

வகுப்பில் சொல்லிவிட்டேன். "அந்தக் குழுவில புதுசு நான்தான். நாலு பேர்ல ஒருத்தர் சொன்னதுதான் சரி. அதைத் தோக்கடிச்ச ஓட்டு என்னோடது."

பிறகு வாலு எழுந்து, "அப்ப டிக்டிக் யாருன்னு கேட்டது..." என்று இழுத்தான். "நான்தான்" என்றேன். வகுப்பே சிரித்தது. ஆமை சிரிக்கவில்லை. மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து கணக்கை அழித்தேன்.

செப்டம்பர் 27, சனி

இப்போது அது மூவர் குழு. அவர்கள் பேசிக்கொள்வது ஆசிரியர் பக்கத்தில் தெரியாது. டிவியைச் சத்தமாக வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றேன். என்ன ஓடியது என்று தெரியாது.

செப்டம்பர் 30, செவ்வாய்

மதியம் ஆசிரியர் அறையில் நான் மட்டும் இருந்தேன். ஆமை வந்தாள். பாடத்தை மாற்றவில்லை என்றாள். போகாமல் நின்றாள். உட்காரச் சொன்னேன்.

"ஒண்ணு கேக்கணும் மேடம். தெரிஞ்சுக்கிட்டே ஏன் ஆமான்னு போட்டீங்க?"

சாக்கு எதுவும் வாயில் வரவில்லை. "வேண்டாம்னு போட்டா அப்புறம் யாரும் என்கிட்ட பேச மாட்டீங்களோன்னு பயமா இருந்துச்சு."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்கும் அதே பயம்தான் மேடம். ஆனா நான் வேண்டாம்னுதான் போட்டேன்."

பிளாஸ்கில் இருந்த டீயில் பாதியை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினேன். குடித்துவிட்டுத்தான் போனாள்.