கட்டை லாரிக்கு ஸ்டியரிங்

பிப்ரவரி 9, ஞாயிறு

மதியச் சாப்பாடு முடிந்ததும் தம்பி வீட்டுக்குப் போனேன். பிளாஸ்டிக் கட்டைகளால் அவன் கட்டிய லாரி மேசைமேல் பாதியில் நிற்கிறது. அவன் இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய பத்துச் சக்கர வண்டியின் அதே சாயல். தொடங்கியபோது இரண்டு கையும் வேலை செய்தன. நோய் ஒவ்வொரு தசையாக, விளக்கை அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டு வருகிறது. இப்போது வலது கட்டைவிரல் ஒன்றுதான் சொன்ன பேச்சு கேட்கிறது. ரிமோட்டின் குச்சியைத் தள்ள அது போதுமாம்.

"ஒரு தடவை நானே ஓட்டணும்க்கா. அப்புறம் எது போனாலும் போகட்டும்."

அதனால் மூளை அவன், கை நான். மூக்குக்கண்ணாடிக் கடையில் பொடித் திருகாணி மாட்டிப் பழகிய கை.

முன்சக்கரத்தைத் திருப்ப ஒரு குட்டி சர்வோ மோட்டார். பாதித் தீப்பெட்டி அளவு. அகலம் கட்டைக் கணக்கில் ஒன்றரை. ஒரு கட்டை இடத்தில் நுழையாது, இரண்டில் வைத்தால் ஆடும். சாயங்காலம்வரை மல்லுக்கட்டினேன். அவனுக்கு ஒரே சிரிப்பு. இது ஒரு அளவில் பிறந்தது, கட்டை ஒரு அளவில் பிறந்தது, நாம்தான் சம்பந்தம் பேசி முடிக்கவேண்டும் என்கிறான்.

பிப்ரவரி 13, வியாழன்

கடையில் ஆறு பிரேம் பழுது. மனசு முழுக்க அந்த அரைக் கட்டை இடைவெளியில்.

பிப்ரவரி 16, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

மோட்டாரின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு காதையும் பிளேடால் சீவினேன். தட்டைக் கட்டைகளை இருபுறமும் கொடுத்து, இரட்டைப் பக்க ஒட்டு நாடாவால் இறுக்கினேன். அசையவில்லை. தம்பி கண்ணயர்ந்திருந்தான். அவன் விழிப்பதற்குள் முடித்துக் காட்டலாமே என்று ஒரு ஆசை.

சக்கரத்தைத் தள்ளித் திருப்பும் மோட்டாரின் சின்ன வெள்ளைக் கையை ஒட்டுவதற்கு முன்னால் கரண்ட் கொடுத்து, அதை நடுவில் நிற்கவைத்துக்கொள் என்று சொல்லியிருந்தான். மறந்தேன். ஒட்டிவிட்டேன். பேட்டரியைப் போட்டதும் சக்கரம் இடப்பக்கமாகப் போய் முட்டிக்கொண்டது. மோட்டார் முனகியது, சுட்டது, உள்ளே பல் உடைந்த சத்தம்.

அந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்டான். வார்த்தை வார்த்தையாக, மெதுவாகத்தான் அவனால் பேச முடியும். அப்படி மெதுவாகச் சொன்னதுதான் தாங்கமுடியவில்லை. "நீ கண்ணாடி தொடைக்கத்தான் லாயக்கு. உன்னை நம்புனேன் பாரு."

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பின்னால் அவன் மனைவி கூப்பிட்டாள். திரும்பவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

போகவில்லை. கூப்பிடட்டும்.

மார்ச் 2, ஞாயிறு

கூப்பிடவில்லை. புது மோட்டார் வாங்கியாயிற்று, பையிலேயே கிடக்கிறது. நாற்பத்தொன்பது வயசில் எனக்கு என்ன வீம்பு? தெரிகிறது. ஆனாலும் போகவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

போனேன். "வாக்கா" என்றான், நேற்றுத்தான் பார்த்தவன் மாதிரி.

பழைய மோட்டாரைப் பெயர்த்தேன். புதியதற்கு முதலில் கரண்ட் கொடுத்து, நடுவில் நிறுத்தி, பிறகுதான் வெள்ளைக் கையை ஒட்டினேன். சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி திரும்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிமோட்டை அவன் கையில் வைத்து, கட்டைவிரலைக் குச்சிமேல் தூக்கி வைத்தேன். அவன் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நானும் பார்த்தேன். அது வைத்த இடத்திலேயே கிடந்தது.

அடுப்படிக்கு ஓடினேன். அவன் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்தாமலே சொன்னாள்: "போன வாரமே போயிடுச்சு அண்ணி. உங்களைக் கூப்பிடட்டுமான்னு கேட்டேன். அவ வேலையா இருப்பா, தொந்தரவு பண்ணாதேன்னுட்டார்."

மூன்று வாரம். மூன்று வாரமும் நான் என்ன செய்தேன்? கோபித்துக்கொண்டிருந்தேன். வேறொன்றும் செய்யவில்லையே — ஐயோ, ஒண்ணுமே செய்யலையே.

மார்ச் 16, ஞாயிறு

நான் ஓட்டினேன். அவன் தலையை இடப்பக்கம் சாய்த்தால் இடம், வலப்பக்கம் என்றால் வலம், பின்னால் சாய்த்தால் ரிவர்ஸ். நாற்காலிக் கால்களுக்கு நடுவில் புகுந்து, கட்டிலுக்கு அடியில் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினோம். இத்தனை வருஷம் கிளீனர் தனக்கு வழி சொன்னான், இப்போது தானே கிளீனர் ஆகிவிட்டதாகச் சொல்லிச் சிரித்தான். கிளம்பும்போது, "அன்னைக்குச் சொன்னதை மனசுல வெச்சுக்காதேக்கா" என்றான்.

வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் உடைந்தேன்.

ஏப்ரல் 30, புதன்

நேற்றுக் காலை பத்தரைக்கு. மூச்சு இழுக்கும் தசையும் நின்றுவிட்டது. தம்பி இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

தம்பிக்கு வைத்தியம் பார்த்த பிசியோதெரபி அம்மா, இன்னொருவருக்கும் இதுபோல் செய்து தரச்சொல்லி விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததால் போனேன். அதே நோயில் ஒரு கணக்கு டீச்சர். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. அவர் பேரப்பிள்ளைகள் கட்டிக்கொடுத்த சிவப்புக் கார். சர்வோ வைக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, எனக்கு இப்போது கை படிந்துவிட்டது. ரிமோட்டை எங்கே வைப்பது என்று நான் விழிக்க, டீச்சரே மோவாயை நீட்டிக் காட்டினார். குச்சிமேல் ஒரு கட்டையைச் செருகி நீளமாக்கி, மோவாய்க்கு அடியில் வருகிறபடி ரிமோட்டைச் சக்கர நாற்காலியின் சட்டத்தில் கட்டினேன். டீச்சர் தலையைச் சாய்த்தார். கார் திரும்பியது. நேரே போய்ச் சுவரில் முட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

மொத்தம் நாற்பது நிமிஷ வேலை.

தம்பிக்குக் கழுத்து கடைசி வாரம்வரை நன்றாகத் திரும்பியது.