உன் ஜாக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறேன்

தெமாங்குங்,
திங்கட்கிழமை

மகன் செனோவுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் உன் தங்கை என்கிற ஜெயில் அதிகாரியும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நகோயாவில் நீயும் நோய்நொடி இல்லாமல், முக்கியமாக இந்தக் கடிதத்தைப் பாதியில் கீழே போடாமல் படிக்கிற தெம்போடு இருக்க வேண்டும். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் நான் குரலை உயர்த்தியதும் உனக்கு எப்படியோ சிக்னல் போய்விடுகிறது. அதனால் எழுதி, நாளை உன் ஊருக்குக் கிளம்பும் பக்கத்து வீட்டு தோகாரியிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு மூட்டையும் வரும். நீ எனக்கு வாங்கி அனுப்பிய மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்தான், பயப்படாதே, வெடிக்காது.

வண்டியில் போகிற அம்மாவுக்கு அடிபடக்கூடாது என்று நினைத்தாயே, அதற்கு உன்னைத் திட்டவில்லை. அதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வினார்த்திக்குச் சட்டமாக எழுதி அனுப்பினாய் பார், அதற்குத்தான் திட்டுகிறேன். அவள் தினமும் வாசலில் நின்றுகொண்டு, “அண்ணன் சொல்லிட்டான்மா, ஜிப்பு கழுத்து வரைக்கும் ஏறாம சாவி கைக்கு வராது” என்கிறாள். உன்னைப் பெற்று, அவளையும் பெற்று, ஊரிலுள்ள பாதி மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்து மேடையேற்றியவள் நான், என் வண்டிச் சாவிக்குக் கையேந்தி நிற்கிறேன். சரி போகட்டும் என்று போட்டால் அது ஜாக்கெட்டா அது? கொசுவலைக்குத் தோள்பட்டை தைத்தது போல முழுக்க ஓட்டை. உன் ஊர் வெயிலுக்கு அது சொர்க்கமாக இருக்கலாம். விடியுமுன் சும்பிங் மலைக் காற்றில் மணப்பெண் வீட்டுக்குப் போகிறவளுக்கு அது என்னத்துக்கு ஆகும்? முதல் நாளே காற்று வயிற்றுக்குள் புகுந்து, உன் அப்பா தைலம் தடவி, காற்றை இறக்க நாணயத்தால் முதுகைக் கோடு கோடாகச் சுரண்டினார். வரிக்குதிரை மாதிரி இரண்டு நாள் குப்புறப் படுத்துக் கிடந்தேன். “இன்னும் கொஞ்சம் காத்து இருக்கு, அசையாதே” என்று அந்த மனிதர் சந்தோஷமாகச் சுரண்டினார், கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தவர் போல.

காற்றடித்தால் நம் ஊரில் என்ன செய்வோம்? ஜாக்கெட்டைத் திருப்பி, முதுகுப்பக்கம் நெஞ்சுக்கு வருகிற மாதிரி மாட்டிக்கொள்வோம். உன் தங்கை கண்ணிலிருந்து மறைந்ததும் நானும் அதைத்தான் செய்தேன். அடிபடாமலிருக்க முதுகுக்கு வைத்த தட்டு நெஞ்சில் ஏறிற்று, காற்றும் நின்றது, அதுவரை உன்னை வாழ்த்தக்கூட வாழ்த்தினேன். ஆனால் முழங்கைக்கு வைத்த கட்டைகள் கை மடிகிற இடத்துக்கு வந்துவிட்டன. கை மடங்கவே இல்லை. புகையிலைக் கொல்லைப் பொம்மை மாதிரி இரண்டு கையையும் விறைப்பாக நீட்டிக்கொண்டு பாராக்கான் வரை ஓட்டிப் போனேன். மணப்பெண்ணின் அத்தை வாசலிலேயே, “ருமி அக்கா, பொண்ணுக்குப் பூ வைக்க வந்தீங்களா, வீட்டுல குண்டு ஏதும் இருக்கான்னு பார்க்க வந்தீங்களா?” என்று கேட்டாள். பந்தல் மொத்தமும் சிரித்தது. அந்தக் குஸ்தினி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி மணப்பெண்களுக்குப் பவுடர் அப்புகிறவள், அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் கிடக்கிறது.

பிறகு நேராகவே போட்டேன். போன புதன்கிழமை சந்தை முனையில், லாரியிலிருந்து கொட்டிக் கிடந்த முட்டைக்கோஸ் இலையில் வழுக்கி விழுந்தேன். வேகம் ஒன்றுமில்லை, என்னைத் தாண்டி ஒரு வாத்து நடந்து போயிற்று. ஆனால் முழங்கை முழுக்கத் தோல் உரிந்துவிட்டது. நீ வைத்து அனுப்பிய கட்டை எங்கே இருந்தது தெரியுமா? நழுவி இறங்கி மணிக்கட்டில். சட்டை பெரிது மகனே, ஒரு ஆளுக்குப் பெரிது. சர்க்கரை வந்ததிலிருந்து உடம்பு பாதியாகிவிட்டது. போனில் உனக்குத் தெரிவது முகம் மட்டும்தானே, முகம் இன்னும் பலாப்பழமாகத்தான் இருக்கிறது. நாலு பெருநாளாக நீ வீட்டுப்பக்கம் வரவில்லை. நீ விட்டுப்போன அம்மாவின் அளவுக்கு வாங்கியிருக்கிறாய், அவள் இங்கே இல்லை.

வினார்த்தி மருந்து போட்டுக்கொண்டே, “போதும்மா, இனிமே வண்டியே வேணாம், அண்ணன் முடிவு சொல்லட்டும்” என்று சாவியைக் கைப்பைக்குள் போட்டவள்தான். குளிக்கப் போனாலும் பையோடு போகிறாள். நோன்பு மாதத்துக்கு முன் கல்யாணம் முடிக்க ஊரே பறக்கிறது. நான் வீட்டில் உட்கார்ந்தால் என் மணப்பெண்கள் ஒவ்வொருவராகக் குஸ்தினியின் சுண்ணாம்புச் சட்டிக்குள் விழுவார்கள். அப்புறம் யாரும் என்னைக் கூப்பிடப் போவதில்லை.

அதனால் நேற்று அவளையே ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து மாகெலாங்கில் வண்டி ஜாக்கெட் விற்கிற கடைக்குப் போனேன். மணப்பெண்ணின் கெபாயாச் சட்டையை அவளை நிற்க வைத்துப் பார்த்தால் போதாது, உட்கார்ந்ததும் தையல் விட்டுவிடும். உட்கார வைத்துத்தான் பார்ப்பேன். அதே மாதிரி கடையிலிருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து, கையை நீட்டி மடக்கி, கட்டை முழங்கையிலேயே நிற்கிறதா, முதுகு மேலே ஏறுகிறதா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கடைக்காரன் அழாத குறை. கடைசியில் ஒன்று அமைந்தது. காற்று நுழையாத துணி, வெயில் ஏறினால் உள் துணியைக் கழற்றிவிடலாம், பார்க்கச் சாதாரணப் பழுப்புக் கோட்டு, கல்யாண வீட்டில் குண்டு என்று யாரும் கேட்க மாட்டார்கள். உன் தங்கையே கட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், நகரவில்லை. ஆனாலும் சாவி தரமாட்டாளாம், நீ சொல்ல வேண்டுமாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, கடையில் வாங்கும் சோற்றையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும், உன் சட்டங்கள் மட்டும் நாசமாகப் போகட்டும். ஒன்றை மறக்காதே. வரும் சனிக்கிழமை கிளெடுங்கில் கல்யாணம், நான் போகத்தான் போகிறேன். அதற்குள் வினார்த்திக்கு நீ போன் செய்யாவிட்டால், ஒலிபெருக்கி கட்டுகிற வர்சிதியின் வண்டியில் பின்னால் ஏறிக்கொள்வேன், பேசிவிட்டேன். மலைவளைவில் ஒரு கையால் போன் பேசிக்கொண்டே ஓட்டுகிற புண்ணியவான், ஹெல்மெட்டை முழங்கையில்தான் மாட்டியிருப்பார். யார் ஓட்டுவது என்று நீயே முடிவு செய்.

இப்படிக்கு,
புதுக் கோட்டோடு வாசலில் உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா ருமியாத்தி